நம்ம ஊர் சத்தியமூர்த்தி, ரெண்டாவது தடவை

போன செம் லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து அஞ்சு பேர் எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்க ஊர் அன்னவாசல் பக்கம். வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட எங்களுக்கு இருக்கிறது சித்தன்னவாசல்தான். ஏழடிப்பட்டத்துல ஏறி சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளைப் பார்த்தோம். அப்புறம் கீழே வந்து அறிவர் கோயில். கருவறைக்குள்ள நின்னு மெதுவா ஹம் பண்ணா சுவரே திரும்ப ஹம் பண்ணும், அதை எல்லாரும் ஆளுக்கு ரெண்டு தடவை செஞ்சாங்க. மேலே விதானத்துல தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன ஓவியம்.

தூண்ல ரெண்டு நடனப் பெண்கள் இருக்காங்க. ரொம்ப மங்கிப்போச்சு, கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாதான் கை எங்க போகுது, இடுப்பு எங்க வளையுதுன்னு தெரியும். கூட வந்த ஜூனியர் ஒருத்தி சின்ன வயசுல இருந்து பரதம் கத்துக்கிட்டவ. அவ அந்தத் தூண் முன்னாடியே நின்னுட்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர்ப் பெருமை பேச ஆரம்பிச்சேன். பக்கத்துல குடுமியான்மலையில பாறையில இசைக் கல்வெட்டு இருக்கு, விராலிமலை சதிருக்குப் பேர் போனது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை, தீரர் சத்தியமூர்த்தி திருமயம்னு அடுக்கிட்டே போனேன்.

அவ திரும்பிக் கேட்டா: அக்கா, தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டம் கொண்டு வந்தப்ப அதை எதிர்த்தவர் இவர்தானே? ஆகஸ்ட்ல நீங்க பேசினப்ப அது வரலையே?

வரல. போன வருஷம் சுதந்திர தினத்துக்குத் தமிழ் மன்றத்துல சத்தியமூர்த்தி பற்றி அஞ்சு நிமிஷம் பேசி ஒரு புத்தகம் பரிசு வாங்கியிருந்தேன். பூண்டி நீர்த்தேக்கம், காமராஜரின் குரு, சிறைக்குப் போகும் வழியில் முதுகெலும்பில் அடி, மரணம். கைதட்டல். அன்னைக்கு அவகிட்ட, அதெல்லாம் அந்தக் காலம்ப்பா என்று சொல்லிச் சமாளிச்சேன். சொன்ன உடனே எனக்கே கேவலமா இருந்துச்சு. அந்தக் காலத்துலதானே முத்துலட்சுமியும் இருந்தாங்க?

லீவுல மிச்சம் இருந்த பத்து நாளும் மாவட்ட மைய நூலகத்துல உட்கார்ந்தேன். இங்கிலீஷ் மீடியம் கை, தமிழ்ப் புத்தகம் மெதுவாத்தான் போகும். படிச்சதை இங்கே எழுதுகிறேன்.

சுந்தர சாஸ்திரி சத்தியமூர்த்தி பிறந்தது 1887 ஆகஸ்ட் 19, திருமயத்தில். கோட்டைக்கும் குடைவரைக் கோயில்களுக்கும் பேர் போன ஊர். மலையடிவாரத்துப் பெருமாளின் பெயரும் சத்தியமூர்த்திதான். அப்பா வக்கீல், சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். புதுக்கோட்டை அப்போது பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேரடியாக உட்பட்ட ஊர் இல்லை, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். சத்தியமூர்த்தி படித்தது அங்கிருந்த மகாராஜா கல்லூரியில். இன்றைக்கு மன்னர் கல்லூரி என்று சொல்கிறோமே, அதே கல்லூரிதான்.

அவர் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1886 ஜூலை 30 அன்று, அதே சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், அந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பையன்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க மன்னரே தலையிட வேண்டியிருந்தது. ஒரே ஊர், ஒரே காலேஜ். ஒருத்தருக்குக் கதவு திறந்தே இருந்தது, இன்னொருத்தருக்கு ராஜா வந்து திறக்க வேண்டியிருந்தது. பின்னாடி இந்த ரெண்டு பேரும் சென்னை சட்ட மேலவையில் எதிரும் புதிருமாக நின்றபோது, ஒருவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் இன்னொருவருக்கு ஏன் கண்ணிலேயே படவில்லை என்பதற்கு இது கொஞ்சம் பதில் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது.

சத்தியமூர்த்தி சென்னை கிறித்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று போய் வக்கீல் ஆனார். ஆனால் மனசு முழுக்க மேடையில். அதுவும் ரெண்டு விதமான மேடை. ஒன்று அரசியல். இன்னொன்று நாடகம்! பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி நடித்தவர். கூத்தாடிகள் என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்த காலத்தில், நாடகக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் காங்கிரஸ் மேடைக்குக் கூட்டி வந்தார். கே.பி. சுந்தராம்பாள் காங்கிரசுக்காகப் பாடப் போனதற்குப் பின்னால் இவர் இருக்கிறார். சினிமாவை ராஜாஜி போன்றவர்கள் ஒதுக்கித் தள்ளியபோது, அது ஜனங்களிடம் எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் புரிந்துகொண்ட காங்கிரஸ் தலைவர் இவர்தான். தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் கை கோத்ததைப் பற்றி நாம் தினமும் மீம் போடுகிறோம். அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் பஞ்சகச்சம் கட்டிய ஒரு சம்ஸ்கிருதப் பிரியர் இருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

1919-இல் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் பற்றிக் காங்கிரஸ் தரப்பைச் சொல்ல லண்டன் போன குழுவில் இருந்தார். காந்தி சட்டசபைகளைப் புறக்கணிக்கச் சொன்னபோது இவருக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளே போய் அடிக்க வேண்டும் என்ற கட்சி. சி.ஆர். தாசும் மோதிலால் நேருவும் 1923-இல் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கியதும் அதில் சேர்ந்தார். அந்த வருடமே சென்னை மேலவைக்குப் போனார். கேள்வி நேரம் என்றால் சத்தியமூர்த்தி என்று பெயர். நம்ம வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டாமல் நேராக ஒரு கேள்வி கேட்பார் இல்லையா, அந்த மாதிரி அமைச்சர்களையும் அதிகாரிகளையும் நிற்க வைத்தார். 1934 தேர்தலுக்குப் பிறகு டெல்லி மத்திய சட்டசபையிலும் இதே வேலை. அங்கே காங்கிரஸ் கட்சிக்குத் துணைத் தலைவர்.

தெருப் போராட்டத்திலும் ஆள் பின்வாங்கவில்லை. 1930-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் தேசியக்கொடி ஏற்றப் போய்க் கைதானார்.

காமராஜர் விஷயத்துக்கு வருகிறேன். விருதுநகர்க்காரர், நாடார் சமூகம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், சத்தியமூர்த்தியை விடப் பதினாறு வயது சின்னவர். 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940-இல் ராஜாஜி நிறுத்திய சி.பி. சுப்பையாவைச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்துக் காமராஜர் தலைவரானார். அப்போது சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக வேலை செய்தார். நேற்று வரை தன் பெட்டி தூக்கிய பையன் என்று நினைத்திருந்தால் இது நடந்திருக்காது. நம்ம சிம்போசியம் கமிட்டியில் போன வருஷ செக்ரட்டரி இந்த வருஷ ஜூனியர் செக்ரட்டரிக்குக் கீழே வேலை பார்ப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

இதில் அவருக்கு ஒரு வலியும் உண்டு. 1937 தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்க வேண்டியவர் இவர். ராஜாஜிக்காக விட்டுக்கொடுத்தார். ஜெயித்து முதல்வரான ராஜாஜியின் அமைச்சரவையில் இவருக்கு இடம் இல்லை. கட்சியை உடைக்கவில்லை, டெல்லி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போ பூண்டி. நான் சிவில், அதனால இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1939-இல் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். பதவிக்காலம் ஒரே வருடம். ஊர் வளர்ந்துகொண்டே போக, செங்குன்றம் ஏரித் தண்ணீர் போதவில்லை. கொசஸ்தலையாறு மழைக்காலத்தில் வெள்ளமாக ஓடிக் கடலில் கலக்கிறது. அதைத் திருவள்ளூர் பக்கம் பூண்டியில் தடுத்து நிறுத்தி, கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் அங்கிருந்து செங்குன்றத்துக்கும் கொண்டுபோனால் கோடைக்கும் தண்ணீர் இருக்கும். ஐடியா எளிது, நேரம்தான் மோசம். அந்த செப்டம்பரில்தான் உலகப்போர் தொடங்கியிருந்தது. போர்ச் செலவு இருக்கும்போது குடிநீர் அணைக்கு எந்த அரசு பணம் கொடுக்கும்? வெள்ளைக்கார ஆட்சியைத் தினமும் திட்டுகிற காங்கிரஸ் மேயர், அதே ஆட்சியின் கவர்னர் ஆர்தர் ஹோப் வரை போய்ப் பேசி அனுமதி வாங்கினார். 1940-இல் அடிக்கல் நாட்டினார்கள். 65 லட்சம் ரூபாய்ச் செலவில் 1944-இல் நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

மூன்றாம் வருடம் எங்களை அங்கே இண்டஸ்ட்ரியல் விசிட் கூட்டிப் போனார்கள். சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரை அப்போதுதான் பார்த்தேன். முழு உயரம் 35 அடி, கொள்ளளவு இப்போது 3,231 மில்லியன் கன அடி. தொடக்கத்தில் 2,573 ஆக இருந்ததைக் கிருஷ்ணா நீர்த் திட்டத்துக்காக உயர்த்தியிருக்கிறார்கள். கண்டலேறுவில் இருந்து வரும் கிருஷ்ணா தண்ணீர் இன்றும் இங்கேதான் முதலில் சேர்கிறது. ஒரு வருட மேயர் போட்ட அடிக்கல் எண்பது வருடத்துக்கு மேல் சென்னைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதை நான் ஆகஸ்ட் பேச்சிலும் சொன்னேன், இப்போதும் அழுத்தியே சொல்வேன்.

இனி நான் சொல்லாமல் விட்டது.

1926-இன் இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மேலவைக்கு நியமிக்கப்பட்டார், அதன் முதல் பெண் உறுப்பினர். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927-இல் தேவதாசி முறையை ஒழிக்கக் கோரும் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதா. சத்தியமூர்த்தி எதிர்த்தார். அவர் தரப்பு வாதத்தை என் பாஷையில் சொன்னால் இப்படி வரும். இந்தப் பெண்கள்தான் நம் இசையையும் நடனத்தையும் காப்பாற்றி வருகிறார்கள், முறை போனால் கலை போய்விடும். இன்றைக்கு இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினால், நாளைக்குக் கோயிலின் வேறு வழக்கங்களிலும் கை வைப்பார்கள். சமயத்தில் சட்டசபை தலையிடக் கூடாது. இந்து அறநிலையச் சட்டம் வந்தபோதும் இதே காரணத்துக்காகத்தான் எதிர்த்தார்.

இதற்கு முத்துலட்சுமி கொடுத்ததாக ஒரு சூடான பதில் வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஒவ்வொரு ஃபார்வர்டிலும் ஒவ்வொரு வசனம், அதனால் அதை விடுகிறேன். அவர் செய்த காரியமே பெரிய பதில்.

தேவதாசிகளுக்குக் கோயில் நிலம் மானியமாக இருந்தது. கோயிலில் சேவை செய்தால்தான் நிலம். பொட்டுக் கட்டுவதை நிறுத்தினால் சோறு போய்விடும், அதனால் பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள் என்று தொடரும். முத்துலட்சுமி முதலில் கை வைத்தது இந்தக் கண்ணியில். சத்தியமூர்த்தி எதிர்த்த அந்த அறநிலையச் சட்டத்துக்கே 1929-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதன்படி சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே. கண்டிஷனைக் கழற்றிவிட்டு சொத்தை மட்டும் கையில் கொடுத்தார். லோடு எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தூணை எடுக்க வேண்டும் என்று நமக்கு ஸ்ட்ரக்சர்ஸில் சொல்லித்தருவார்கள். டாக்டரம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. கலை அழியும் என்று கவலைப்பட்டவர்கள், அந்தக் கலைக்காரிகள் எதைச் சாப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்ததாக நான் படித்ததில் இல்லை.

1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி மேலவைப் பதவியை விட்டார். மசோதா கிடப்பில் போனது. அது சட்டமானது 1947-இல். பதினேழு வருடம்.

நூலகத்தில் நான் முடிவு பண்ணிவிட்டேன், இவர் வில்லன்தான் என்று. நோட்டை மூடிவிட்டு பஸ் ஏறினேன். ஆனால் அந்த வாரமே விராலிமலை முத்துக்கண்ணம்மாள் பற்றிப் படித்தபோது, அந்த முடிவும் என் ஆகஸ்ட் பேச்சு மாதிரியே அவசரமாக இருந்தது தெரிந்தது.

2022-இல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவர்தான். சித்தன்னவாசலில் இருந்து விராலிமலை எங்களுக்குப் பக்கம். முருகன் கோயிலில் 32 தேவதாசிகள் இருந்தார்கள். ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள் அவர்களில் கடைசி ஆள். தினமும் மலை ஏறிப் பாடி ஆடியதை அவர் வெட்கத்தோடு சொல்வதில்லை, பெருமையோடுதான் சொல்கிறார். முறை ஒழிந்த பிறகு பட்ட வறுமையையும் சேர்த்தே சொல்கிறார். முத்துலட்சுமியின் மசோதாவையே தேவதாசிகள் பலர் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள் அதில் இருந்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மாதிரி, அதே மரபில் பிறந்து ஒழிப்புக்காக ஊர் ஊராகப் போனவர்களும் இருந்தார்கள். ரெண்டு பக்கமும் பெண்கள்.

சத்தியமூர்த்தி சொன்னது போலக் கலை அழிந்ததா? இல்லை. 1931-லேயே சென்னை மியூசிக் அகாடமி மேடையில் சதிர் ஏறிவிட்டது, கல்யாணி மகள்கள் ஆடினார்கள். அடுத்த சில வருடங்களில் அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது, புதுப் புது வீட்டுப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். என் ஜூனியரும் அப்படிக் கற்றவள்தான். கலை பிழைத்துக்கொண்டது. அதை அதுவரை சுமந்த குடும்பங்கள்தான் பல இடங்களில் வெளியே நின்றன. அவர் பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. முப்பத்திரண்டு பேர் ஒருவராகச் சுருங்கிய விராலிமலையை நினைத்தால் அவர் பயத்தை முழுசாகச் சிரித்துத் தள்ளவும் முடியவில்லை.

ஆனாலும் ஒரு இடத்தில் என்னால் அவரோடு சமாதானம் ஆக முடியவில்லை. பொட்டுக் கட்டும்போது வயது ஏழு. விரும்பி வந்தாளா என்று கேட்க முடியாத வயது. பின்னாடி அவள் அந்த வாழ்க்கையைப் பெருமையாக நினைத்தால் அது அவளுடைய பெருமை, கட்டியவர்களுக்கு அதில் பங்கு இல்லை. (விராலிமலை சமஸ்தானத்துக்குள் இருந்தது, 1948 மார்ச்சில்தான் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதனால் 1930-இல் சட்டம் வந்திருந்தாலும் அங்கே நேரடியாகச் செல்லுபடி ஆகியிருக்காது, அது தெரியும். மாகாணத்தின் மற்ற ஊர்களில் ஆகியிருக்கும்.) அந்நிய அரசு நம் கோயிலுக்குள் வரக் கூடாது, நமக்கு விடுதலை வந்ததும் நாமே சரி செய்துகொள்வோம் என்று அவரைப் போன்றவர்கள் நினைத்திருக்கலாம். குடிநீருக்காக அதே அந்நிய அரசின் கவர்னரிடம் போய் நிற்க முடிந்தது. அந்தப் பெண் குழந்தைகளுக்கு மட்டும் காத்திருக்கச் சொன்னார்.

இதைவிட என்னைத் தொந்தரவு பண்ணியது அவருடைய கடிதங்கள். சிறையில் இருந்து மகள் லட்சுமிக்கு எழுதியவை. இலக்கியம், கலை, உலகம், பெண் தன் காலில் நிற்பது என்று ஒரு அப்பா மகளை எவ்வளவு மதித்துப் பேச முடியுமோ அவ்வளவு மதித்து எழுதுகிறார். அந்த லட்சுமி கிருஷ்ணமூர்த்தி பின்னாளில் வாசகர் வட்டம் என்ற பதிப்பகத்தை நடத்தி நடந்தாய் வாழி காவேரி போன்ற புத்தகங்களைக் கொண்டுவந்தார். பெண் குழந்தைக்கு என்ன தேவை என்று தெரியாத மனிதர் இல்லை இவர். தெரிந்திருக்கிறது, நன்றாகவே தெரிந்திருக்கிறது. தன் வீட்டு வாசல் வரை.

1942 ஆகஸ்டில் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம். அங்கிருந்து திரும்பியபோது சத்தியமூர்த்தி கைதானார். காமராஜர் அரக்கோணத்திலேயே போலீசைப் பார்த்து நழுவி, ஊர் ஊராகப் போய்ச் செய்தி சொல்லிவிட்டு அப்புறம்தான் கைதானார். சத்தியமூர்த்தியை நாக்பூர் பக்கம் அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் பட்ட அடி ஆறவே இல்லை. 1943 மார்ச் 28, சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 55. நாடு விடுதலை அடைந்த நாளில் காமராஜர் கொடியேற்றப் போன இடம் சத்தியமூர்த்தியின் வீடு. அதே 1947-இன் அக்டோபரில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவர் இருந்திருந்தால் மறுபடி எதிர்த்திருப்பாரா, மனம் மாறியிருப்பாரா என்று நானும் ஜூனியரும் ஒரு ராத்திரி மெஸ்ஸில் சண்டை போட்டோம். அவ மாறியிருக்க மாட்டார்ங்கிறா. நான் காமராஜரைக் காட்டி, மாறக்கூடிய ஆள்தான்ங்கிறேன். ரெண்டு பேர்கிட்டயும் ஆதாரம் கிடையாது, மெஸ் அண்ணன் லைட்டை அணைச்சதுதான் மிச்சம்.

வர்ற ஆகஸ்ட்லயும் மன்றத்துல பேசக் கேட்டிருக்காங்க. கடைசி வருஷம், எனக்கு இதுதான் கடைசி மேடை. மறுபடியும் சத்தியமூர்த்தின்னே பேர் கொடுத்துட்டேன். போன தடவை அஞ்சு நிமிஷம் குடுத்தாங்க, இந்த தடவை எட்டு கேட்டிருக்கேன். பூண்டிக்கு ரெண்டு, காமராஜருக்கு ஒண்ணு, மீதி முத்துலட்சுமி வர்ற இடம். பரிசு வராதுன்னு நினைக்கிறேன். ஜூனியர் முன் வரிசையில உட்கார்றேன்னு சொல்லியிருக்கா.